பதினாறில் ஒன்று

இரண்டாம் கேள்வி: நிறுவனப் பொருளியலின்
தோற்றத்தையும் செல்வாக்கையும் ஆராய்க. இருபது புள்ளி.
நான் போட்ட கேள்விதான்.
நூற்றுப் பன்னிரண்டு விடைத்தாள். திருநெல்வேலியில் வாடகை அறை.
மழைக்குக் கரண்ட் போய்
சார்ஜர் லைற்றில் திருத்துகிறேன்.

எல்லோரிடமும் ஒரே நோட்ஸ்.
போன நூற்றாண்டுக்குச் சற்று முன்பின்னாக
அமெரிக்காவில் சிலருக்குச் சந்தேகம் வந்தது:
லாப நட்டம் கூட்டிப் பார்த்தா
மனிதன் விடிய எழும்பிப் பல் விளக்குகிறான்?
பழக்கம் என்றார்கள். சட்டம், வழக்கு, ஊர்க்கட்டு என்றார்கள்.
சந்தை வானத்திலிருந்து விழவில்லை,
யாரோ வேலியடைத்த காணி அது என்றார்கள்.
பின்னால் வந்தவர்கள் நம்பிக்கைக்கு விலை பார்த்தார்கள்,
ஒரு ஒப்பந்தம் எழுதி முடிக்க என்ன செலவென்று.
தோற்றம் ஐந்து, செல்வாக்கு ஏழு, விமர்சனம் எட்டு.

நிறுவனம் என்ற சொல்லில் வழுக்கி
ஆறு பேர் கம்பனிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.
அவர்களில் பிழையில்லை.
வழமை என்று கேட்டிருக்கலாம்.
தேசத்துக்கே வழமை எழுதி வைத்த இடமிது.

சுட்டெண் எழுபத்து மூன்று.
ஆசிரியர் பெயரில்லை, ஆண்டில்லை,
எடுத்த எடுப்பில் புன்னாலைக்கட்டுவனில் ஒரு கிணறு.

"அதற்குப் பதினாறு பங்கு.
செவ்வாய் விடிய நாலு தொடக்கம் ஏழு வரை ஒரு வீட்டுக்கு;
ஏழடிக்க அடுத்தவரின் மெசின் வந்து நிற்கும்.
பொலிஸ் இல்லை.
மணிக்கூடு பிழைத்தால் மட்டும் சண்டை.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஊரே எழும்பிப் போனது.
திரும்பி வரக் கூரை இல்லை, கதவுநிலை இல்லை,
முறை இருந்தது. செவ்வாய் செவ்வாயாகவே.
பங்குகாரரில் மூவர் இன்று ஸ்காபரோவில், ஒருவர் பேர்கனில்.
அவர்களின் தண்ணீர் வியாழன் இரவுகளில்
கிணற்றுக்குள்ளேயே நிற்கிறது.
எவரும் தொடுவதில்லை.

என் அம்மா அந்தத் தண்ணீரில் விளைந்த வெங்காயத்துக்குக்
கூலிக்குப் புல்லுப் பிடுங்கியவர்.
கிணற்றுக் கட்டில் ஏறியதில்லை.
பங்குகாரர் யாரும் வந்து வார்க்கும்வரை குடத்தோடு நிற்பது.
அந்த விதி எந்த உறுதியிலும் இல்லை. தேடிப் பார்த்தேன்.
எழுதிய விதிக்கு வழக்குப் போடலாம்,
எழுதாததற்கு எந்தக் கோட்டுக்குப் போவது?
வழமைகள் செலவைக் குறைக்கும் என்று படித்தோம்.
குறைந்த செலவை நின்றவர்கள் கட்டினார்கள்,
மணித்தியாலக் கணக்கில்."

அவ்வளவுதான். மேலதிகத் தாள் இணைக்கவில்லை.

ஓரத்தில் சிவப்பால் எழுதினேன்: ஆதாரம்?
பழக்கம்.
எழுதிய கை அங்கேயே நின்றது.

ஆதாரம் என் அலுமாரியில் கிடக்கிறது,
பாஸ்போட்டுக்குக் கீழே, பொலித்தீன் உறையில்,
அம்மா குலநாயகியின் சீதன உறுதி.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே நாகமுத்து பங்கு,
நாலு பரப்பு, "இதன்பால் கிணற்றில் பதினாறில் ஒரு பங்கும்
வழி வாய்க்கால் உரிமையும்."
பத்திரத்துக்கு உறுதி என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்.
அதில் செவ்வாய்க்கிழமை இல்லை. நாலு மணி இல்லை.
குடங்கள் இல்லை.

பத்து வயதில் நானும் வார்த்திருக்கிறேன்.
கை நோகுமென்று அரைவாளி.
யாருடைய குடம் என்று பார்த்த ஞாபகமில்லை;
குடத்தின் வாயைத்தான் பார்ப்பது,
வெளியில் சிந்தக்கூடாதென்று.

கேள்விக்குறியை வெட்டினேன், பிறகு ஆதாரத்தையும்.
தோற்றத்துக்குப் புள்ளித்திட்டப்படி ஒன்றும் போட முடியாது.
பதினாறு போட்டேன்.
கணக்கு எப்படி வந்தது என்று
இரண்டாம் பரீட்சகர் திங்கள் கேட்பார்.

கரண்ட் வந்துவிட்டது.
இன்னும் முப்பத்தொன்பது.